மழைக்கு ஒரு டெண்டர்

கண்ணு, மண்ணரிப்பைத் தடுக்கற இஞ்சினீயர் ஆயிட்டயாமா, உன்ற அம்மா போன்ல சொன்னா. நெம்பச் சந்தோசம். சரவணம்பட்டில ஏழாவது மாடில ஏசிக்குள்ள உக்காந்துட்டு, கண்ணாலயே பாக்காத சீமைல ஒரு ரோட்டுக் கரை எத்தனை டிகிரி சாயோணும்னு கணக்குப் போட்டு அனுப்பறயாமா. போடு, போடு. ஆனா மழை பேயற அன்னைக்கு சித்த எந்திரிச்சு, கண்ணாடி வழியா கீழ சத்தி ரோட்டை எட்டிப் பாரு. செக்கச் செவேல்னு ஒண்ணு ஓடும். டிராபிக் ஜாம்னு உங்க ஆபீஸ்ல எல்லாரும் போட்டோ எடுப்பாங்க. அது மேக்கால காட்டோட மேல்மண்ணு சாமி. டோல்கேட்டு கூட இல்லாம ஓசில ஊரை விட்டுப் போகுது.

தொழிலுக்கு நீ புதுசு. பொழைக்கோணுமில்ல? மண்ணோட மல்லுக்கட்டியே தலை நரைச்சவன் உன்ற அப்புச்சி. நான் சொல்றபடி நடந்தீன்னா உனக்கு ஒரு மழைக்கும் வேலை இல்லாமப் போகாது.

புல்லுன்னு மட்டும் வாயத் தெறந்துராத. கரை சரியுதுன்னு யாரு வந்து சொன்னாலும், மூஞ்சியக் கொஞ்சம் கடுப்பா வெச்சுட்டு, "தடுப்புச் சுவர் தானுங்க ஒரே வழி"ன்னு சொல்லிப்போடு. சுவர்ல கல்வெட்டுப் பதிக்கலாம், ரிப்பன் கட்டலாம், பெரிய மனுசங்களைக் கூப்புட்டுச் சால்வை போடலாம். வெட்டிவேர் நட்ட கரைல எங்கடா கல்வெட்டுப் பதிப்பே? ஆட்டுக்காரன் வந்து மேச்சுட்டுப் போயிருவான். கான்கிரீட்டு அளவுப் புஸ்தகத்துல ஏறும், பில்லு ஆகும். புல்லு வளர ஒரு மழைக்காலம் பொறுக்கோணும். எலெக்சன் பொறுக்குமா?

சுவரைக் கட்டறப்போ ஒரு சூட்சுமம் இருக்குது. தண்ணி வடியற ஓட்டைய வரைபடத்துல போடு, சுவர்ல போடாத. உங்க ரூல்ல, மீட்டருக்கு ஒண்ணாப் பைப்பு வெக்கோணும், பின்னால ரெண்டடிக்கு ஜல்லி கொட்டி வடிகட்டி அமைக்கோணும்னெல்லாம் எழுதியிருக்கும். ஒருக்கா ஒரு ரோட்டோரத்துல புதுசாக் கட்டுன சுவரைப் பாத்தேன். நல்லா மூணங்குல பிளாஸ்டிக் பைப்பு, வரிசையா, பாக்கறதுக்கு லட்சணமா. நானு என்ற குடைக்கம்பிய ஒரு ஓட்டைல விட்டுப் பாத்தேன். விரக்கடை உள்ள போச்சு, 'டொக்'குன்னு கான்கிரீட்டுல முட்டிருச்சு. அடுத்ததுல விட்டேன், அதுலயும் டொக்கு. பைப்பைத் துண்டு துண்டா நறுக்கி, முன்பக்கத்துல மட்டும் ஒட்ட வெச்சிருக்கறான் மகராசன். "ஏனப்பா, இது எதுக்கு?"ன்னு அங்க நின்ன மேஸ்திரியக் கேட்டேன். "அதுங்களாங்கய்யா, டிசைனுங்க"ன்னான். பொய் சொல்லல பாரு, டிசைன்லதான் இருக்குது.

இதுல உனக்கு என்ன லாபம்னா, கணக்கு நீயே போட்டுப் பாரு. பத்தடி உசரச் சுவத்துக்குப் பின்னால காஞ்ச மண்ணு இருந்தா, ஒரு மீட்டர் நீளத்துக்குச் சுமாரா 3 டன் தள்ளும். அதே மண்ணு நனைஞ்சு, தண்ணி வடிய வழியில்லாமச் சுவத்து உச்சி மட்டும் நின்னுச்சுன்னா, தள்ளறது 6 டன் கிட்டப் போயிரும். சுவரு அதே சுவருதான், கம்பியும் அதே கம்பிதான். முன்னால ஓடற வெள்ளம் சுவரைச் சாச்சுப்போட்டுதுன்னு பேப்பர்ல வரும். நெறையச் சுவரு பின்னால நின்ன தண்ணிலதான் சாயுது. ஐப்பசி கார்த்திகைல சாஞ்சா, தைல மறு டெண்டரு. நோம்பி தவறுனாலும் தவறும், அது தவறாது.

இந்த இடத்துல மட்டும் அப்புச்சி எகத்தாளம் பண்ண மாட்டேன். 2019 டிசம்பர் 2-ந் தேதி, விடியறதுக்கு முன்னால, மேட்டுப்பாளையம் நடூர்ல மழைல ஊறுன ஒரு கருங்கல் சுவரு பக்கத்து ஓட்டு வீடுக மேல விழுந்துச்சு. 20 அடி உசரம். தூங்கிட்டிருந்த 17 பேரு போயிட்டாங்க, பொம்பளைகளும் கொழந்தைகளும் சேத்து. அந்தச் சனம் அதைத் தீண்டாமைச் சுவர்னுதான் சொல்லுச்சு. சுவரு எதைத் தடுக்கறதுக்கு நிக்குதுன்னு கேக்காம எவன் கட்டுனாலும், அதுக்குக் கீழ படுக்கறவன் பேரு வரைபடத்துல இருக்காது. இது நடந்தது உன்ற ஆபீஸ்ல இருந்து வண்டில ஒரு மணி நேரத்துத் தூரத்துல. செரி, மேல கேளு.

சுவரு சாயலீன்னாலும் வெசனப்படாத, அடிய நோண்டற வழி ஒண்ணு இருக்குது. சங்கனூர்ப் பள்ளம் தெரியுமில்ல? மேக்கால மலையடிவாரத்துல பொறந்து, ஊருக்குள்ள பூந்து, சங்கனூர் கணபதின்னு சுத்தி, சிங்காநல்லூர்ப் பக்கம் போற ஓடை. நாங்க சின்னப் பசங்களா இருக்கறப்போ அதுக்கு அகலமும் இருந்துது, ரெண்டு பக்கமும் பொறம்போக்கும் இருந்துது. இப்ப ரெண்டு பக்கமும் ஊடு. கரையோரமாத் தடுப்புச் சுவர் வேலைக்குத் தோண்டிட்டு இருக்கறப்போ, 2025 ஜனவரில ஒரு மாடி வீடு அப்படியே சாஞ்சு பள்ளத்துக்குள்ள உக்காந்துச்சு. செல்போன்ல முச்சூடும் அதே வீடியோதான். நல்லவேளைக்கு உசுருச் சேதம் இல்ல. அரிப்பைத் தடுக்கப் போன எடத்துல ஊட்டையே பள்ளம் முழுங்குனதுக்குக் காரணம், ஜேசிபிக்காரனுக்குத் தெரியாட்டியும் எலிவளை வெட்டற பெருச்சாளிக்குத் தெரியும்: கரையத் தாங்கறது மேல இருக்கற மண்ணு இல்ல, கால்மாட்டுல இருக்கற மண்ணு. அதைத் தோண்டோணும்னா கொஞ்சங் கொஞ்சமாத் தோண்டி, தோண்டுன எடத்துக்கு முட்டுக் குடுத்துக் கட்டிப்போட்டுத்தான் அடுத்த துண்டுக்குப் போகோணும். நம்மாளு ஒரே நாள்ல நூறடி தோண்டிப்போட்டு, சிமிட்டி லோடு வரலீன்னு டீக்கடைல உக்காந்திருப்பான்.

திருச்சிலயும் பாரு. 2024 ஆகஸ்டுல கொள்ளிடத்துல தண்ணி எச்சா வந்தப்போ, பாலத்துக்கு அரணாக் கட்டுன தடுப்புச் சுவரையே ஆறு அடிச்சுட்டுப் போயிருச்சு. பாலத்துக்குக் காவல் சுவரு, சுவத்துக்கு யாரு காவல்னு யாரும் கேக்கல. கேட்டா அதுக்கும் ஒரு எஸ்டிமேட்டு போடுவாங்க.

அடுத்தது, வளைஞ்சு போற ஓடையப் பாத்தா உடனே நேராக்கு. சைட்டுப் போடறவனுக்கு மூலை முடுக்கு இல்லாம எடம் மிச்சமாகும், உன்ற பேரைச் சொல்லி வாழ்த்துவான். நேராக்குனா நீளம் கொறையும், எறக்கம் கூடும், தண்ணி ஓட்டம் புடிக்கும். வேகம் ரெண்டு மடங்கானா, அந்தத் தண்ணி உருட்டற கல்லு 64 மடங்கு கனமாகும்னு உங்க புஸ்தகத்துலயே இருக்குது. பரிச்சைக்குப் படிச்சுப்போட்டு மறந்திருப்பே. காலிங்கராயருக்கு இது தெரியாது பாவம், பி.இ. முடிக்கல. 1283-ல பவானில அணையக் கட்டி, அங்கிருந்து நொய்யல் மட்டும் 56 மைலுக்கு வாய்க்கா வெட்டுனாரு. பாம்பு போன வழியில வெட்டுனாருன்னு கதை சொல்லுவாங்க. பாம்போ பல்லியோ, மேட்டு மட்டத்தை ஒட்டி வளைச்சு வளைச்சுக் கொண்டு போனதுல, எறக்கம் கூடாம, வேகம் எடுக்காம, மண்கரைலயே நூத்துக்கணக்கான வருசம் தண்ணி போச்சு. நீயா இருந்தா கூகுள் மேப்புல ஒரு கோட்டை இழுத்து, தூரம் கொறைச்சாச்சுன்னு அவார்டு வாங்கியிருப்பே.

மலைப் பக்கம் வா. 2009 நவம்பர்ல நீலகிரில மண்ணு சரிஞ்சு 40 பேருக்கு மேல போனது உனக்கு ஞாபகம் இருக்காது, நீ பள்ளிக்கூடத்துல இருந்தே. இத்தனைக்கும் மண்ணையும் தண்ணியையும் காப்பாத்தறதுக்குன்னே ஒரு மத்திய ஆராய்ச்சி நிலையம் ஊட்டில 1954-ல இருந்து இருக்குது. அவிங்க சொல்றதை உருளைக்கெழங்குத் தோட்டத்துல கேட்டாலும் கேப்பாங்க, மலையை வெட்டி காட்டேஜ் கட்டறவன் காதுல ஏறாது. இப்ப சில வருசமா நெடுஞ்சாலைத் துறை அந்த மலை ரோட்டுல ஒரு வேலை பண்ணுது. பாத்தேன், எனக்குப் புடிச்சுப்போச்சு. வெட்டி நிக்கற மண்சரிவுல ஆழமாத் துளை போட்டு, நீட்டக் கம்பிய உள்ள சொருகி, சிமிட்டிப் பாலை எறக்கறாங்க. மண்ணுக்கு ஆணி அடிக்கறது. அதுக்கு மேல வலை. வலைக்கு மேல புல்லு விதைய உரத்தோடயும் பசையோடயும் கரைச்சு, தீயணைப்பு வண்டி மாதிரி பீச்சி அடிக்கறாங்க. கொஞ்ச நாள்ல பச்சைப் பசேல்னு முளைச்சு நிக்குது. கம்பி ஆழத்துல சரியறதைப் புடிக்கும், புல்லு மேல கரையறதைப் புடிக்கும். ஆனா ஒண்ணு, இதை நீ உங்க மேனேஜர்கிட்ட "புல்லு"ன்னு சொல்லாத, "ஹைட்ரோ சீடிங்"னு சொல்லு. ரேட்டு தானா ஏறிக்கும்.

பொள்ளாச்சிக்காரன் கதை தெரியுமா? தேங்காயைச் சட்னிக்கு அரைச்சுப்போட்டு, மட்டைய நாராக்கி, நாரைத் திரிச்சு, வலையாப் பின்னி, சுருட்டிக் கப்பல் ஏத்தறான். வெள்ளைக்காரன் அதை அவன் ஊரு ஆத்தங்கரைலயும் ரோட்டுச் சரிவுலயும் விரிச்சு முளை அடிக்கறான். நாருல மரத்தன்மை எச்சு, அதனால சணல் ஒரு வருசத்துல மக்குனா, இது ரெண்டு மூணு வருசம் தாங்கும். அதுக்குள்ள புல்லு வேரு புடிச்சுரும், அப்பறம் நாரும் மக்கி அந்தப் புல்லுக்கே எருவாயிரும். கூலி வாங்கிட்டு வேலை முடிஞ்சதும் சொல்லாமப் போற ஆளு இந்தக் காலத்துல அது ஒண்ணுதான். நம்ம ஊர்ல விரிச்சா என்னன்னு கேட்டா, "அது எக்ஸ்போர்ட் குவாலிட்டிங்க"ங்கறான்! 2020-ல கிராமத்து ரோட்டுத் திட்டத்துல இந்த நார் விரிப்பைப் போடலாம்னு மத்திய சர்க்கார் உத்தரவு போட்டுச்சு; நாட்டுக்கு 1674 கிலோமீட்டர், அதுல தமிழ்நாட்டுக்கு 369. அது ரோட்டுக்கு அடில போடறது, கண்ணுக்குத் தெரியாது. நீ போற ரோட்டுல இருக்குதான்னு கேட்டுப்போட்டு வந்து சொல்லு. பக்கத்துல கேரளாக்காரன் நூறு நாள் வேலைல ஓடைக் கரைக்கும் கொளத்துக் கரைக்கும் இந்த விரிப்பைப் போட்டு முளை அடிக்கறான். நம்ம நூறு நாள் வேலைல... செரி, உன்ற அத்தையும் அதுலதான் போறா, விடு.

வெட்டிவேரைப் பத்தித் தெரிஞ்சுக்கோ, ஆனா வெளிய சொல்லாத. மூணு மீட்டருக்கு மேல நேராக் கீழ எறங்கற வேரு. இழுத்து அளந்து பாத்திருக்காங்க, கம்பியோட பலத்துல ஆறுல ஒரு பங்கு இருக்குதாமா. எறக்கத்துக்குக் குறுக்க, மட்டம் பாத்து, சாண் எடைவெளிக்கும் கம்மியா வரிசையா நட்டா, ஓடி வர்ற தண்ணி அங்க வந்து சித்த நிக்கும், கொண்டு வந்த மண்ணை எறக்கி வெச்சுப்போட்டு வடிஞ்சு போகும். வருசம் போகப் போக அந்த வரிசைக்குப் பின்னால தானாவே ஒரு வரப்பு ஏறிக்கும். 1980-கள்ல உலக வங்கிக்காரங்க இதைக் கையில எடுத்துட்டு ஊர் ஊராப் போனாங்க. ஆனா நம்ம திம்பம் மலையத் தாண்டினா கர்நாடகா, அங்க குண்டல்பேட்டைக் காட்டுல குடியானவங்க தலைமுறை தலைமுறையா இதையே எல்லை வரப்புல நட்டு வெச்சிருந்தாங்க. உலகத்தைச் சுத்திப்போட்டு வந்தவனுக்குப் பக்கத்து ஊர்க்காரன் காட்டுனான். அதுக்கும் குத்தம் குறை உண்டு. நெழல்ல வராது, மொத வருசம் தண்ணி ஊத்தோணும், ஆடு மாட்டுக்கு அதோட தளிர் மேல ஆசை. வெள்ளம் நேரா வந்து மோதற திருப்பத்துல இதை மட்டும் நம்பி நின்னீன்னா போச்சு; அங்க கம்பிவலைப் பெட்டில கல்லடுக்கித்தான் ஆகோணும். கம்பிவலைப் பெட்டி கொஞ்சம் எறங்கும், வளையும், தண்ணிய விடும், உடையாது. அதுவும் நல்ல சாமான்.

கடலே இல்லாத ஊர்க்காரனுக்குக் கடற்கரையப் பத்தி என்ன பேச்சுன்னு நீ சிரிக்கறது தெரியுது. புதுச்சேரிக்கு உன்ற சினேகிதங்களோட அடிக்கடி போறயில்ல? எதுக்குப் போறீங்கன்னு கேக்கல. அங்க கடற்கரை ரோட்டுல கருங்கல்லாக் கொட்டி வெச்சிருக்கறதைப் பாத்திருப்பே. அந்தக் கல்லுக்கு முன்னால நல்ல மணல் கரை இருந்துது. 1980-கள் கடைசில துறைமுகத்துக்குன்னு கடலுக்குள்ள அலைத்தடுப்புச் சுவரு நீட்டுனாங்க. அந்தக் கடல்ல வருசத்துல முக்கால்வாசி நாளு மணலு தெக்க இருந்து வடக்க நகரும். சுவரு அதை மறிச்சுப்போட்டுது. தெக்கால மணல் மேடாச்சு, வடக்கால கரை காணாமப் போச்சு. ஊரைக் காப்பாத்தக் கல்லைக் கொட்டுனாங்க. கல்லு கொட்டுன எடத்துல அரிப்பு நிக்கும், கல்லு முடியற எடத்துல ஆரம்பிக்கும். அதனால அடுத்த குப்பத்துக்காரன் எங்களுக்கும் கல்லுன்னான், அதுக்கடுத்தவன் தூண்டில் வளைவுன்னான். பொம்மையார்பாளையம், பிள்ளைச்சாவடின்னு போயிட்டே இருக்குது. அவிங்க மேல தப்பில்ல, ஊடு கடலுக்குள்ள போறவன் வேற என்ன கேப்பான்? பாத்துக்கோ, இதைத்தான் தொழில் தர்மம்னு சொல்றது: ஒரு வேலை செஞ்சா அது பத்து வேலையக் குட்டி போடோணும். பொறகு சென்னைல இருக்கற தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகத்துக்காரங்க, பெரிய எஃகுப் பெட்டி ஒண்ணைத் தண்ணிக்கடில முக்கி வெச்சு அலையோட வேகத்தை ஒடைச்சாங்க. 2018 வாக்குல கொஞ்சம் மணல் திரும்பி வந்து சேந்துச்சு, சனம் கால் நனைக்குது.

டச்சுக்காரனைப் பாரு, பொழைக்கத் தெரியாதவன். 2011-ல அவன் கடற்கரைல ஒரே எடத்துல 2 கோடிக் கன மீட்டருக்கு மேல மணலைக் கொட்டிப்போட்டு, "கடலே, நீயே பங்கு வெச்சுக்கோ"ன்னு விட்டுட்டான். அலையும் காத்தும் அதைக் கரை நெடுக இழுத்துட்டுப் போயி நெரவுது. சுவரு கட்டல, கல்லு கொட்டல. நம்ம பக்கம் ராவோட ராவா லாரில மணல் அள்றாங்க, அவன் பட்டப்பகல்ல கப்பல்ல கொண்டாந்து கொட்டறான். எதுலயும் நமக்கும் அவனுக்கும் ஒத்துப் போறதில்ல.

நம்ம மண்ணு மழைல மட்டும் போச்சுன்னு நெனைக்காத. தடாகம் பள்ளத்தாக்குல செங்கல் சூளைக்குச் செம்மண்ணு எடுத்த குழியப் போயிப் பாரு, நின்னு எட்டிப் பாத்தா தலை சுத்தும். கோர்ட்டு கேஸுன்னு ஆகி, 2021-ல 180-க்கும் மேல சூளைய மூடுனாங்க. குழிய யாரும் மூடல. மழைத்தண்ணி அந்தக் குழிக்குள்ள எறங்கிக் கரைய அரிச்சு அரிச்சு, ஓடைங்க போக்கே மாறிப்போச்சு. அந்தப் பக்கத்துத் தண்ணிதான் ராசவாய்க்கால்ல சின்னவேடம்பட்டி ஏரிக்கு வரோணும். ஏரி உன்ற ஆபீஸ்ல இருந்து கூப்புடு தூரம். தண்ணிக்குப் பதிலாச் சீமைக் கருவேலன் நெறைஞ்சு கெடந்த ஏரி அது. ஊர்ப் பசங்க கொஞ்சப் பேரு சேந்து வாய்க்காலைத் தூர்வாரப் படற பாட்டை எங்கயாவது கல்வெட்டுல பாத்தயா?

உன்ற அமுச்சியோட பொறந்த ஊரு காங்கயம் பக்கம். அங்க கொறங்காடு இருக்கும். மானாவாரி மேட்டுக்காட்டைச் சுத்திக் கிளுவை முள்ளு வேலி, உள்ள கொழுக்கட்டைப் புல்லு, அங்கங்க வெள்வேல மரம். மாடு மேயறதுக்கு உட்ட காடுன்னுதான் எல்லாரும் சொல்லுவாங்க. மழை கொறைஞ்ச சீமைல, பேயற மழை ரெண்டு நாளைல மொத்தமாக் கொட்டும். அந்த ரெண்டு நாளு மண்ணு எடத்தை விட்டு நகராம இருக்கோணும். புல்லு தூரு அதைப் புடிக்கும், வேலி ஓரத்துல வர்ற சருகும் மண்ணும் தங்கி வரப்பாகும். ரெண்டு வேலிக்கு நடுவுல போற இட்டேரித் தடத்துலயும் அதே வேலைதான். இப்ப சரவணம்பட்டில இட்டேரிய எங்க தேடுவே? "ரெட் எர்த் வில்லாஸ்"னு எதாச்சும் போர்டு இருந்தா, அதுக்கு அடில தேடு. கிளுவை வேலியப் புடுங்கிக் கம்பவுண்டு கட்டுன அன்னைக்கே உன்ற வேலைக்கு ஆர்டர் போட்டாச்சு.

சுவரே வேண்டாம்னு நான் சொல்லல கண்ணு. செங்குத்தாப் பத்தடி பள்ளம், அதுக்கு மேல நாலு குடும்பம் குடியிருக்குதுன்னா, அங்க போயி வெட்டிவேரை நட்டு, வேரு புடிக்கற மட்டும் பொறுங்கம்மான்னு சொன்னா சீமாத்துல அடிப்பாங்க. கட்டு, ஓட்டையோட கட்டு, பின்னால ஜல்லியக் கொட்டு, அடி எறங்கி ஆழமாப் போடு, மேல வர்ற தண்ணிக்கு வேற வாய்க்கா வெட்டி ஓரமாக் கொண்டு போ. மழை நாள்ல ஒருக்கா நேர்ல போயி நின்னு பாரு, ஓட்டைல தண்ணி சொட்டுதான்னு. சொட்டலீன்னா ஊர்க்காரங்களை எழுப்பு. ஆனா இப்படியெல்லாம் கட்டிப்போட்டீன்னா அந்தச் சுவரு அப்பறம் உங்களைக் கூப்புடவே கூப்புடாது, கம்பெனி எப்படி நடக்கும்? அதையும் உங்க மேனேஜர்கிட்ட மீட்டிங்கு போட்டுப் பேசிக்கோ.

இத்தனை நேரம் பேசுனதுக்குக் கன்சல்டிங் பீசு உண்டு. ஜிஎஸ்டி நம்பர் இல்ல, அதனால பணமா வேண்டாம். நம்ம மேக்காலக் காட்டு மூலைல வாய்க்காக் கரை போன மழைல நாலடி சரிஞ்சு கெடக்குது. வெட்டிவேர் நாத்துக் கட்டு சொல்லி வெச்சிருக்கறேன், நார் விரிப்பு பொள்ளாச்சில உன்ற சித்தப்பன் ஒரு சுருளு வாங்கியாறேன்னான். ஞாயித்துக்கெழமை விடியால வந்துரு. மம்முட்டி ரெண்டு இருக்குது. அந்த ஷூவைப் போட்டுட்டு வராத, சேறு. லேப்டாப்பையும் கொண்டாராத, உன்ற அமுச்சி அதுக்குத் தனியா ஒரு தட்டுல சோறு போட்டுருவா.